சாப்பிட்டு ஒரு நடை: சர்க்கரைக்குத் தசை திறக்கும் இரண்டாவது கதவு



மாலை 6 மணி ஆனதும் நம்ம புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தடுப்புகள் வந்துவிடும். மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் பீச் பக்கம் வந்து, தலைமைச் செயலகம், காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் என்று ஒரு சுற்று நடந்துவிட்டு வீடு திரும்புவது இந்த ஊரில் எத்தனையோ பேரின் பழக்கம். "சும்மா காத்து வாங்கப் போனோம்" என்பார்கள்.

அந்தச் 'சும்மா' நடை, உங்கள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை என்ன செய்கிறது தெரியுமா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். உங்களுக்கு சுகர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இது உங்களுக்கான கட்டுரைதான். ஏன் என்பதை அடுத்த பத்தியே சொல்லிவிடும்.

நாலில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023 ஜூன் மாதம் வெளிவந்தன. 20 வயதைக் கடந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. அதன்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சராசரியாக 100-க்கு 11.4 பேர். தமிழ்நாட்டில் 14.4 பேர். நம்ம புதுச்சேரியில் 26.3 பேர்! நாட்டிலேயே கோவாவுக்கு (26.4) அடுத்தபடியாக நாம்தான் இருக்கிறோம்.

அதாவது, பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். உங்கள் வீட்டில் நான்கு பெரியவர்கள் இருந்தால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது போக, 'இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, ஆனால் எல்லையில் நிற்கிறது' என்ற நிலையில் இருப்பவர்கள் தனி. அவர்களில் பலருக்குத் தாங்கள் எல்லையில் நிற்பதே தெரியாது. வலி இருக்காது, காய்ச்சல் வராது. கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு என்று ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்ட பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிய வருகிறது.

ஒரு டீஸ்பூன் கணக்கு

ஒரு பெரியவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், அந்த 5 லிட்டரிலும் சேர்த்து இருப்பது வெறும் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை. அவ்வளவுதான்.

இப்போது தட்டைப் பாருங்கள். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் மட்டும் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாம் ஒரு கப்போடு நிறுத்துவதும் இல்லை. அந்த மாவுச்சத்து முழுவதும் குடலில் சர்க்கரையாக உடைந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்துக்குள் வருகிறது. ஒரு டீஸ்பூன் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் பத்து டீஸ்பூன் வந்து இறங்குகிறது. இதை உடனே எங்காவது எடுத்து வைத்தாக வேண்டும். எங்கே வைப்பது?

முக்கியமான கிடங்கு நம் தசைகள்தான். கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் 100 கிராம் சேமிக்கும். உடம்பிலுள்ள தசைகள் எல்லாம் சேர்ந்து 400 கிராமுக்கு மேல் சேமிக்கும். தொடை, கெண்டைக்கால், இடுப்பு, முதுகு ஆகியவைதான் உடம்பின் பெரிய தசைகள். அவை எல்லாமே நடக்கும்போது வேலை செய்பவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் திறக்கும் முதல் கதவு

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தானாகத் தசைக்குள் நுழைந்துவிடாது. தசைச் செல்லின் சுவரில் அதற்கென்று வாசல்கள் வேண்டும். குளூட்-4 என்ற ஒரு புரதம்தான் அந்த வாசல். சாதாரண நேரத்தில் இந்த வாசல்கள் செல்லின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும்.

நாம் சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் தசைச் செல்லின் வெளிப்புறம் வந்து, 'சர்க்கரை வந்திருக்கு, கதவைத் திற' என்று தகவல் கொடுக்கிறது. உடனே உள்ளே கிடக்கும் குளூட்-4 வாசல்கள் சுவருக்கு வந்து நிற்கின்றன. சர்க்கரை உள்ளே போகிறது, ரத்த அளவு இறங்குகிறது.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்த ஏற்பாடு மக்கர் பண்ணுகிறது. இன்சுலின் வந்து தட்டினாலும் செல் சரியாகக் கேட்பதில்லை. தொப்பை, அதிக எடை, உடல் உழைப்பு இல்லாத வாழ்க்கை, பரம்பரை எல்லாம் இதற்குக் காரணம். மருத்துவர்கள் இதை இன்சுலின் எதிர்ப்பு நிலை என்கிறார்கள். கணையம் சும்மா இருக்காது, இன்னும் அதிகமாகச் சுரக்கும். சில வருடங்கள் இப்படியே சமாளிக்கும். இந்தக் காலத்தில் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மலாகவே தெரியலாம். பிறகு கணையம் களைத்துப்போய்ச் சுரப்பு குறையும்போதுதான் ரிப்போர்ட்டில் எண்கள் ஏறத் தொடங்குகின்றன.

அசைவு திறக்கும் இரண்டாவது கதவு

இங்கேதான் நல்ல செய்தி. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து சொல்லாமலேயே குளூட்-4 வாசல்கள் தாமாகச் சுவருக்கு வருகின்றன. வேலை செய்யும் தசைக்கு எரிபொருள் தேவைப்படுகிறது. செல்லுக்குள் எரிசக்தி குறைவதைக் கவனிக்கும் தனி ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அது, இன்சுலினின் வழியைத் தொடாமல் வேறு வழியாக வாசலைத் திறந்துவிடுகிறது.

இதன் பொருள் என்ன? இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. முன்வாசல் பூட்டு துருப்பிடித்த வீட்டில் கொல்லைப்புறக் கதவு திறந்திருப்பது போல. அந்தக் கதவைத் திறக்க உங்கள் கால் அசைந்தால் போதும்.

உடம்பின் இந்த இயல்பு மருத்துவர்களுக்குப் புதிதல்ல. இன்சுலின் மருந்தாக மனிதருக்கு முதலில் தரப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொரான்டோ நகரில். மறு ஆண்டே அந்த மருந்து கிடைத்ததால் பிழைத்தவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ். இன்சுலின் போட்டுக்கொண்ட பிறகு உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை கூடுதலாக இறங்குவதை அவர் கவனித்து 1926-லேயே எழுதிவைத்தார். அது எப்படி நடக்கிறது என்பது தெரியவர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஏன் 'ஞாயிற்றுக்கிழமை வாக்கிங்' போதாது?

நடந்து முடித்ததும் கதவு உடனே மூடிவிடுவதில்லை. நடக்கும்போது செலவான கிளைக்கோஜனைத் தசை திரும்ப நிரப்ப வேண்டும். அதனால் நடை முடிந்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினின் பேச்சைத் தசை கூடுதலாகக் கேட்கிறது. பயிற்சியின் அளவையும் ஆளையும் பொறுத்து இந்தப் பலன் ஒரு நாளிலிருந்து இரண்டு, மூன்று நாள் வரை நிற்கும். அதற்கு மேல் நிற்காது.

அதனால்தான், 'இரண்டு நாள் தொடர்ச்சியாக விட்டுவிடாதீர்கள்' என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பீச்சில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, திங்கள் முதல் சனி வரை ஆபீஸ் நாற்காலி, பைக் சீட், வீட்டு சோபா என்று உட்கார்ந்தே இருந்தால், வாரத்தில் பாதி நாளுக்கு மேல் தசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தினமும் 25 நிமிடம் நடப்பது இதைவிட நல்லது.

எப்போது நடப்பது?

"காலையில வெறும் வயித்துல நடந்தாதானே நல்லது?" என்று பலர் கேட்பார்கள். காலை நடை நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் சர்க்கரை உச்சத்துக்கு ஏறுவது சாப்பிடத் தொடங்கியதிலிருந்து பொதுவாக ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் தசையின் இரண்டாவது கதவு திறந்திருந்தால் ஏற்றமே மட்டுப்படும்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேரை, ஒரு கட்டத்தில் நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு கட்டத்தில் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் இரண்டிலும் அதே 30 நிமிடம்தான். ஆனால் சாப்பிட்டபின் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம் குறைவு. நாளின் பெரிய சாப்பாடு ராத்திரியில், அதற்குப் பிறகு அசைவே இல்லை என்பது இதற்கு முக்கியக் காரணம்.

நம்ம ஊர் கதையும் அதுதானே? மாலையில் டீயுடன் ஏதாவது பலகாரம், ராத்திரி தோசையோ பரோட்டாவோ, பிறகு டிவி, பிறகு படுக்கை. அந்த இடத்தில் ஒரு 10, 15 நிமிட நடையைச் செருகிப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பின் கடற்கரையில் ஒரு சுற்று வரும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால், அதை விட்டுவிடாதீர்கள். முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, உழவர்கரை என்று கடற்கரைக்குத் தள்ளி இருப்பவர்களுக்குச் சொந்தத் தெருவே போதும். கடற்கரைச் சாலைக்குப் போவதற்காகப் பைக்கை எடுத்து, பார்க்கிங் தேட வேண்டிய அவசியமில்லை.

எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம்?

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. வேகம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. எண்ணிப் பார்க்க வேண்டுமானால், நிமிடத்துக்குச் சுமார் 100 அடி.

பலன் எண்ணில் எப்படித் தெரியும்? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஒரு கணக்கின்படி, முறையான பயிற்சியை வாரத்துக்கு 150 நிமிடத்துக்கு மேல் செய்தவர்களுக்கு இந்த அளவு சராசரியாக 0.89 புள்ளி குறைந்தது. 150 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ செய்தவர்களுக்கு 0.36 புள்ளி குறைந்தது. குறைவாகச் செய்தாலும் பலன் உண்டு, கூடச் செய்தால் கூடுதல் பலன்.

நடையோடு நிறுத்திவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் தேவை. தசை பெரிதாக இருந்தால் கிடங்கும் பெரிது. ஜிம் போகத்தான் வேண்டும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து மறுபடி உட்காருவது 10 முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 முறை, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது 15 முறை. இதை இரண்டு சுற்று செய்தால் நல்ல தொடக்கம். வீட்டைவிட்டு வெளியே போக முடியாத தாய்மார்கள், பெரியவர்கள் சமையலறையிலேயே இதைச் செய்யலாம்.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். போன் பேசும்போது நடந்துகொண்டே பேசுங்கள்.

இன்னொரு சந்தேகம்: "வேகமா ஓடிட்டு வந்து பார்த்தா சுகர் ஏறியிருக்கே?" கடுமையான பயிற்சியின்போது அட்ரீனலின் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை வெளியே தள்ளும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு அளவு ஏறலாம், பிறகு இறங்கிவிடும். பயப்பட வேண்டாம். மிதமான நடையில் இது பொதுவாக நேராது.

கையில் போன், காலில் நடை

சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த இரண்டு ஆய்வுகள் நமக்கு நேரடியாகப் பொருந்தும்.

முதலாவது, இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். முடிவு வெளியானது 2006-ல். எல்லையில் நின்ற 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் தினமும் 30 நிமிட வேக நடையும். மூன்று ஆண்டில் முதல் பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. இரண்டாவது பிரிவில் 39 பேருக்கு. மெட்பார்மின் மாத்திரை மட்டும் கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய இதே பலன்தான். அதாவது நடையும் உணவும் சேர்ந்து ஒரு மாத்திரைக்குச் சமமாக நின்றன.

இரண்டாவது ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லையில் நின்ற, வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் அறிவுரை சொல்லப்பட்டது. அவர்களில் பாதிப் பேரின் செல்போனுக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டு முடிவில், குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான். நடை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, உணவு மாற்றமும் சேர்ந்ததுதான். ஆனால் ஒரு சாதாரண நினைவூட்டல் எவ்வளவு உதவுகிறது என்பது இதில் தெரிகிறது. அது ஸ்மார்ட்போன்கூட தேவைப்படாத வெறும் எஸ்.எம்.எஸ்.! உங்கள் கையில் இருப்பதோ அதைவிடப் பல மடங்கு திறமையான கருவி. இன்றைக்கே இவற்றைச் செய்துவிடுங்கள்:

1. நீங்கள் வழக்கமாக ராத்திரி சாப்பிடும் நேரத்திலிருந்து 20 நிமிடம் கழித்து ஒரு அலாரம் வையுங்கள். பெயர்: 'நடை'.
2. போனில் இருக்கும் நடை எண்ணும் வசதியை இயக்குங்கள். இல்லாவிட்டால் மத்திய அரசின் ஃபிட் இந்தியா செயலியை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.
3. முதல் வாரம் எதையும் மாற்றாமல் தினமும் எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் அதில் 1,000 அடி கூட்டுங்கள். இது ஏறக்குறைய 10 நிமிட நடை.
4. வீட்டில் சுகர் பார்க்கும் மீட்டர் இருந்தால், ஒருநாள் நடக்காமலும் இன்னொரு நாள் அதே சாப்பாட்டுக்குப் பின் நடந்தும், சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து எழுதிவையுங்கள். உங்கள் உடம்பே உங்களுக்குப் பதில் சொல்லும்.

உங்கள் மதிப்பெண் எவ்வளவு?

ரத்தம் எடுக்காமலேயே உங்கள் ஆபத்தைக் கணிக்க, சென்னையின் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது: 35-க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50-உம் அதற்கு மேலும் 30.

இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே 0. 80 முதல் 89 வரை 10. 90-உம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு 90-க்குக் கீழே 0; 90 முதல் 99 வரை 10; 100-உம் அதற்கு மேலும் 20.

உடலுழைப்பு: ஒழுங்கான உடற்பயிற்சி, உழைப்பு மிகுந்த வேலை இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லை என்றால் 30.

பெற்றோர்: இருவருக்கும் சர்க்கரை நோய் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், உடனே ரத்தப் பரிசோதனை தேவை. 30 முதல் 50 வரை நடுத்தரம்.

ஒரு உதாரணம். 45 வயது ஆண், இடுப்பு 94 செ.மீ., உட்கார்ந்த வேலை, பயிற்சி இல்லை, அம்மாவுக்கு சுகர். 20, 10, 30, 10 கூட்டினால் 70. வயதையும் பெற்றோரையும் யாராலும் மாற்ற முடியாது. ஆனால் ஒழுங்காக நடக்கத் தொடங்கினால் 60. இடுப்பு 90-க்குக் கீழே வந்தால் 50. மாற்றக்கூடிய இரண்டு வரிகளுமே நடையால் மாறக்கூடியவை!

கவனம்: இவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்

உடற்பயிற்சி மருந்து போல வேலை செய்கிறது. அதனால்தான் மருந்து எடுப்பவர்களுக்கு ஜாக்கிரதையும் வேண்டும்.

இன்சுலின் ஊசி போடுபவர்கள், கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள்: இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம், 70-க்குக் கீழேகூட. புதிதாகப் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் நடக்கும் முன் பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதிகமாக உழைத்த நாளில் அன்று ராத்திரி தூக்கத்திலும் இறங்கலாம். மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

வியர்த்துக் கொட்டுதல், கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்குதல் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளூக்கோஸோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் குளூக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை 250-க்கு மேலே இருந்து, வாந்தி, வயிற்று வலி, அதிக தாகம், மூச்சு வாங்குதல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். நடக்கும்போது நெஞ்சு வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தாலும் அப்படித்தான்.

காலில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள் கடற்கரை மணலிலோ சூடான தார்ச்சாலையிலோ வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. எம்.சி.ஆர். செருப்போ, விரல் அழுத்தாத ஷூவோ போடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். சின்னக் காயம்தான் பெரிய அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடுகிறது. கண்ணின் விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள் கனமான பளு தூக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்து சர்க்கரை குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா என்பதை அவர் சொல்வார்.

அரசு சேவைகளைப் பயன்படுத்துங்கள்

30 வயதைக் கடந்த எல்லோருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், வாய்ப் புற்று, பெண்களுக்கு மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகியவற்றுக்கான பரிசோதனையை இலவசமாகச் செய்வது தேசிய தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின் பகுதி. அறிகுறி எதுவும் இருக்கத் தேவையில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "சுகர், பிரஷர் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அளவு 140-ஐத் தாண்டினால் உறுதி செய்யும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கப் பொதுவாகப் பயன்படும் அளவுகள்: வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நார்மல், 100 முதல் 125 வரை எல்லை நிலை, 126-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஹெச்.பி.ஏ.1.சி.யில் 5.7-க்குக் கீழே நார்மல், 5.7 முதல் 6.4 வரை எல்லை நிலை, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டாமல் மருத்துவர் மறுபடியும் பார்ப்பார்.

மேல் சிகிச்சைக்கு விக்டர் சிமோனல் வீதியிலுள்ள இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஆகியவை இருக்கின்றன.

போன் வழியாக இரண்டு வசதிகள். ஒன்று, இ-சஞ்சீவனி. செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் பதிவிட்டால், வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் இலவசமாக ஆலோசனை பெறலாம். பழைய ரிப்போர்ட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள். மற்றொன்று, ஆபா எண். ஆதார் வழியாக உருவாக்கும் இந்த 14 இலக்க எண்ணில் உங்கள் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைக்கலாம். க்யூ.ஆர். பதிவு வசதி உள்ள மருத்துவமனைகளில் போனில் ஸ்கேன் செய்து ஓ.பி. சீட்டு வாங்கிவிடலாம், நீண்ட வரிசை மிச்சம். ஓ.டி.பி.யை மட்டும் போனில் கேட்கும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரியே

உடம்பை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் உங்கள் ரத்தத்தில் ஏறப்போகும் சர்க்கரையை இன்றைக்கே மாற்ற முடியும். அதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம், கட்டணம் இல்லை.

தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுங்கள். வீட்டில் யாருக்கு சுகர் இருக்கிறதோ அவரையும், "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்பவரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போங்கள். நாலில் ஒருவர் என்ற கணக்கில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது ஒரு சொட்டு ரத்தம் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அந்தச் சொட்டையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

நடையைத் தொடங்க பத்து நிமிடம் போதும். நாளைக்கும் மறக்காமல் நடங்கள்.